மாமல்லன் ஊரில் மீசை அரும்பும் மல்லர்கள்

ஃபேபியானோ கருவானா கையை நீட்டிவிட்டார். யாரிடம்? பதினாறு வயசுப் பையனிடம். எங்கே? பூஞ்சேரியில்! செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரம் ஊருக்குள் நுழையறதுக்கு முன்னாடி வருமே, அதே பூஞ்சேரியில். செஸ்ஸில் உலக சாம்பியன் பட்டத்துக்கே மோதிய மனுஷன், எங்க ஊர்ப் பக்கம் வந்து, குகேஷ் என்கிற பள்ளிக்கூட வயசுப் பையனிடம் தோற்று, நாகரிகமாகக் கைகொடுத்து, ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு எழுந்து போனார். 2022 ஆகஸ்ட் 6, சனிக்கிழமை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். கத்தக்கூடாது, கைதட்டக்கூடாது, மூச்சுகூட அளந்துதான் விடணும். என் அக்கா பையன் கையை நான் எவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தேன் என்றால், அவன் காதோடு, "மாமா, விரல் உடையுது, விடுங்க" என்றான்.

நடுநிலையான கட்டுரை வேண்டுமென்றால் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். எனக்கு அது வராது. இதில் வருகிற நம்ம பசங்களுக்கு மரியாதை விகுதி போடவும் வராது. அவர்கள் எல்லாரும் எனக்குத் தம்பிகள்.

நாற்பத்து நாலாவது செஸ் ஒலிம்பியாட். ரஷ்யாவில் நடக்கவேண்டியது, போர் வந்து இடம் மாறி, மார்ச் மாதம் தமிழ்நாட்டுக்கு என்று முடிவாகி, ஜூலைக் கடைசியில் ஆட்டமே தொடங்கியாயிற்று. கிட்டத்தட்ட நாலே மாசம்! ஒரு கல்யாணத்துக்கே நமக்கு ஆறு மாசம் பத்தாது. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள், போட்டியின் சின்னமான, வேட்டி சட்டை போட்ட குதிரைத் தம்பி தெருவுக்குத் தெரு வணக்கம் சொல்லிக்கொண்டு நின்றான், 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமெல்லாம் வந்து தங்கினார்கள். இளநீர்க் கடையில் ஐஸ்லாந்தா அயர்லாந்தா என்று தெரியாத ஒருத்தர் குழாய் வேண்டாம் என்று அப்படியே தூக்கிக் குடிப்பதைப் பார்த்தேன். எனக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் மாதிரி அவரிடம் போய், "சாப்பிட்டீங்களா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாமல்லபுரம் என்றால் மாமல்லன் ஊர். மற்போரில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த பல்லவ ராஜா நரசிம்மவர்மன் பெயரில் இருக்கிற ஊர். அந்த ஊரில் மறுபடி மல்யுத்தம் நடந்தது என்றுதான் நான் சொல்வேன், யாராவது சண்டைக்கு வந்தாலும் சொல்வேன். மல்யுத்தத்தில் உடம்பு எடை, செஸ்ஸில் ரேட்டிங். அமெரிக்க அணியைத் தூக்கித் தராசில் வையுங்கள்: கருவானா, லெவோன் அரோனியன், வெஸ்லி சோ, லெய்னியர் டொமிங்கெஸ். சராசரி ரேட்டிங் 2771. போட்டியிலேயே கனமான அணி, முதல் தரவரிசை. எதிரே நம்ம பசங்க. அதுவும் இந்தியாவின் முதல் அணிகூட இல்லை! போட்டியை நடத்துகிற நாடு என்பதால் கூடுதலாகக் கிடைத்த இரண்டாவது அணி. தரவரிசையில் 11-வது. குகேஷ் 16, பிரக்ஞானந்தா 16, நாக்பூர் ரௌனக் சாத்வானி 16, திருச்சூர் நிஹால் சரின் 18. இவர்களோடு நாகப்பட்டினம் பக்கத்து அதிபன், 29 வயசு, அந்த அணியில் அவர்தான் தாத்தா. பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ்.

பதினாறு வயசு என்றால் என்ன வயசு, யோசித்துப் பாருங்கள். அதே வருஷம் மே மாசம் பிரக்ஞானந்தா இணையவழிப் போட்டி ஒன்றில் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆடி அனிஷ் கிரியைச் சாய்த்துவிட்டு, விடிந்தால் பதினொண்ணாம் வகுப்புப் பரீட்சை, எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்கணும் என்று பேட்டியில் சொன்னான். அந்த வயசில் எனக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் வயிறு கலங்கும். இவன் உலகத்தின் முதல் பத்து ஆட்டக்காரர்களில் ஒருத்தரைத் தோற்கடித்துவிட்டுப் போய் ஹால் டிக்கெட் தேடியிருப்பான்! அதற்கு மூணு மாசம் முன்னாடிதான் மேக்னஸ் கார்ல்சனையே ஒரு ஆட்டத்தில் சாய்த்திருந்தான்.

இப்போது அந்த அரங்கத்துக்குள் வாருங்கள். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே ஆகஸ்ட் மாசப் புழுக்கம், கடலிலிருந்து உப்புக் காற்று, சட்டை முதுகோடு ஒட்டுகிறது. உள்ளே காலெடுத்து வைத்தால் ஏ.சி. குளிர் முழங்காலில் ஏறுகிறது, காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கான மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு யுத்தம், ஆனால் சத்தம் என்றால் கடிகாரத்தைத் தட்டுகிற 'டக்', யாரோ இருமுவது, யாரோ தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகுவது, அவ்வளவுதான். கிரிக்கெட் மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர் கத்தும்போது வராத படபடப்பு அந்த அமைதியில் வந்தது. கையில் போன் இல்லாததால் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது, யார் கை ஓங்கியிருக்கிறது, எதுவும் தெரியாது. வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குத் திரை ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஏறி இறங்கி எல்லாவற்றையும் சொல்லிவிடும். எனக்கு இருந்த ஒரே கம்ப்யூட்டர் என் அக்கா பையன், எட்டாம் வகுப்பு. "மாமா, குகேஷுக்கு நல்லா இருக்கு." "எப்படிடா சொல்ற?" "கருவானா மூஞ்சியப் பாருங்க." அவ்வளவுதான் ஆய்வு. ஆனால் சரியாக இருந்ததே!

குகேஷ் அன்றைக்கு எப்படி உட்கார்ந்திருந்தான் தெரியுமா? கண்ணை மூடிக்கொள்கிறான். திறக்கிறான். போர்டைப் பார்க்கவில்லை, எங்கேயோ மேலே பார்க்கிறான். எதிரில் இருப்பவர் யார், அவர் எடை என்ன, ஏழு ஆட்டம் வரிசையாக ஜெயித்தாயிற்றே எட்டாவது போய்விட்டால் என்ன ஆகும், நாற்பதாவது நகர்த்தலுக்குள் தொண்ணூறு நிமிஷம் தீர்ந்துவிடுமே, ஒன்றும் அந்த முகத்தில் இல்லை. இதெல்லாம் என் முகத்தில் இருந்தது, அவன் முகத்தில் இல்லை. முதல் சுற்றிலிருந்து எட்டாவது சுற்று வரை எட்டுக்கு எட்டு, அதுவும் முதல் போர்டில், ஒவ்வொரு நாடும் தன் பெரிய பயில்வானை உட்கார வைக்கிற நாற்காலிக்கு எதிரில்! ஸ்பெயினின் அலெக்ஸி ஷிரோவ் போனார், ஆர்மீனியாவின் சர்கிசியன் போனார், கடைசியில் கருவானாவும் போனார். அந்தப் பக்கம் நாலாவது போர்டில் ரௌனக் டொமிங்கெஸைச் சாய்க்க, நிஹால் அரோனியனிடமும் பிரக்ஞானந்தா வெஸ்லி சோவிடமும் டிரா செய்ய, 3–1! முதல் தரவரிசை அமெரிக்காவை நம்ம இரண்டாவது அணி 3–1! வெளியே வந்ததும் அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. நான் கத்தினேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா, கையில் பிளாஸ்டிக் கூடை, அவரும் கத்தினார். ரெண்டு போலீஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அதில் ஒருத்தர், "என்ன சார், ஜெயிச்சுட்டமா?" என்றார். "ஜெயிச்சுட்டோம் சார்!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் பாவம், லத்தியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு குலுக்கினார்.

இதோடு நிறுத்தியிருந்தால் இது வெறும் வெற்றிக் கதை. எல்லாரும் சொல்கிற கதை. என் கிறுக்கு வேறு மாதிரி. நான் மயங்கிப்போனது சனிக்கிழமையில் இல்லை, அதற்கு அடுத்து வந்த ஞாயிறு, திங்கள், செவ்வாயில். எல்லாம் நல்லா போகும்போது ஜெயிக்கிறதைப் பார்க்க டிக்கெட் எதற்கு? பிடி நழுவி, முதுகு தரையைத் தொட ஒரு விரற்கடை இருக்கும்போது புரண்டு எழுவான் பாருங்கள் ஒருத்தன், அதுக்குத்தான் மல்யுத்தம் பார்க்கணும்.

ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாவது சுற்று, அஜர்பைஜான். மமெத்யரோவ் ஒருவழியாக குகேஷின் வெற்றி வரிசையை டிராவில் நிறுத்திவிட்டார். நிஹால் டிரா. ரௌனக் தோற்றுவிட்டான். அப்படியென்றால் பாக்கி யார்? மூணாவது போர்டில் பிரக்ஞானந்தா. டிரா செய்தால் அணி தோற்கும். ஜெயித்தே ஆகணும். இது அவனுக்கும் தெரியும், எதிரே இருந்த வாசிஃப் துரார்பெய்லிக்கும் தெரியும், கயிற்றுக்குப் பின்னால் நின்ற எங்களுக்கும் தெரியும். நெற்றியில் விபூதி, கைகளைக் கோத்து மேஜையில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் வாத்தியார் வர்றதுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஜெயித்தான். 2–2. அன்றைக்குத்தான் விஸ்வநாதன் ஆனந்த் உலக செஸ் கூட்டமைப்பின் துணைத் தலைவர் ஆனார். ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்தது. நான் மட்டும் மூணாவது போர்டு, மூணாவது போர்டு என்று உளறிக்கொண்டிருந்தேன்.

இப்போது திங்கள். பத்தாவது சுற்று. உஸ்பெகிஸ்தான். எனக்கு இதை எழுதும்போதே கை வேர்க்கிறது. தங்கத்துக்கான மோதலே அதுதான் என்று வையுங்கள். அவர்களும் பசங்கதான்! அப்துசத்தரோவ் 17, சிந்தரோவ் 16. தரவரிசையில் 14-வது அணி. உலகத்தின் கனமான அணிகளெல்லாம் ஒதுங்கி நின்று பார்க்க, மாமல்லபுரத்தில் பிள்ளைகள் ரெண்டு கூட்டம் மோதிக்கொள்கிறது. இப்படி ஒரு காட்சியை நீங்கள் கற்பனை பண்ணினால்கூட யாராவது, "ஓவரா இருக்கு" என்பார்கள்.

பிரக்ஞானந்தா சிந்தரோவிடம் மாட்டிக்கொண்டான். நன்றாகவே மாட்டிக்கொண்டான். எங்கள் எட்டாம் வகுப்புக் கம்ப்யூட்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டது. "போச்சு மாமா." நான் உடனே வேண்டுதலில் இறங்கினேன். திருக்கழுக்குன்றம் மலையின் அத்தனை படியும் ஏறுகிறேன் என்று வேதகிரீஸ்வரரிடம் சொன்னேன், பத்து நிமிஷத்தில் அதோடு முடியும் இறக்குகிறேன் என்று சேர்த்தேன். ஆனால் அந்தப் பையன் முகத்தைப் பாருங்களேன்! தோற்கப்போகிறவன் முகமா அது? ஒவ்வொரு நகர்த்தலும் எதிரிக்கு ஒரு கேள்வி. இதுக்கு என்ன பதில்? சரி, இதுக்கு? இதுக்கு? உடனே செத்துவிடாமல், ஆட்டத்தை நீட்டி, எதிரி யோசித்து யோசித்துக் களைக்கிற வரைக்கும் ஒரு கேள்வி, இன்னொரு கேள்வி. ஜெயிக்கப்போகிறவனுக்குத்தான் பயம் வரும், தெரியுமோ? கைக்கு எட்டியது போய்விடுமோ என்கிற பயம். இழக்க ஒன்றுமில்லாதவன் நிதானமாக இருக்கலாம், ஆனால் நிதானமாக இருக்க எத்தனை பேருக்கு வருகிறது? எனக்கு வராது, உங்களுக்கு வராது, இந்தப் பதினாறு வயசுக்கு வந்தது. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, அக்கா பையனின் பிதுங்கின உதடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது, அவன் என் சட்டையை இழுத்து, "மாமா... மாமா... இருங்க, இருங்க..." என்கிறான், நான் எங்கேயும் போகவில்லை, இருந்தும், "இருங்க" என்கிறான், நான், "என்னடா, என்னடா" என்கிறேன், ஒரு தன்னார்வலர் பெண் வந்து விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டுப் போகிறாள், அவள் முகத்திலும் அதே தவிப்பு, அவளும் போகிற போக்கில் அந்த மூணாவது போர்டைத்தான் திரும்பிப் பார்க்கிறாள், அப்போது சிந்தரோவ் கையை நீட்டுகிறான்! தோற்க வேண்டிய ஆட்டத்தைப் பிரக்ஞானந்தா ஜெயித்தேவிட்டான்! என் கண்ணில் தண்ணீர். வயசு நாற்பதைத் தாண்டியவன், ஈ.பி. பில் கட்ட மறந்ததற்கு அன்று காலையில்தான் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவன், மரக்கட்டைச் சிப்பாய்களைப் பார்த்து அழுகிறேன்.

அதே நாள், அதே மேடையில், முதல் போர்டில், குகேஷ். கை ஓங்கியிருந்த ஆட்டம். டிரா போதும் என்று அவன் நினைக்கவில்லை, ஜெயிக்கத்தான் போனான். கடிகாரம் கழுத்தைப் பிடித்தது, ஒரு நகர்த்தல் தவறிப்போனது, அப்துசத்தரோவ் அதை விடவில்லை. தோற்ற பிறகு குகேஷ் உடனே எழுந்திருக்கவில்லை. தலையைக் கையில் தாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி நான் அதிகம் எழுதமாட்டேன், எனக்கு ஆகாது. ஒன்றே ஒன்று: அவன் விழுந்தபோது அணி விழவில்லை. 2–2. ஏனென்றால் ரெண்டு மேஜை தள்ளி இன்னொரு பள்ளிக்கூடத்துப் பையன் எழுந்து நின்றிருந்தான். பத்துப் பேர் ஒரு தப்பைப் பேசுகிற ஊரில், நான் அந்த இன்னொருவனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன்.



செவ்வாய், கடைசிச் சுற்று, காலையிலேயே ஆட்டம், எதிரே ஜெர்மனி. முந்தின நாள் அப்படி நொறுங்கினவன் மறுநாள் காலை வந்து அதே முதல் போர்டில் உட்காரவேண்டும். உட்கார்ந்தான்! வின்சென்ட் கீமரோடு டிரா. இதை ஒரு வெறும் அரைப் புள்ளி என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். நிஹாலும் ரௌனக்கும் ஜெயிக்க, 3–1. உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், ஆர்மீனியாவுக்கு வெள்ளி, நம்ம பசங்களுக்கு வெண்கலம். 11-வது தரவரிசையிலிருந்து! தனிப்பட்ட கணக்கில் முதல் போர்டுக்கான தங்கம் 11-க்கு 9 எடுத்த குகேஷுக்கு, ரெண்டாவது போர்டுக்கான தங்கம் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத நிஹாலுக்கு. சத்தமே போடாமல் 10-க்கு ஏழரை எடுத்துவிட்டுப் போனான் அவன். நான்கூட இவ்வளவு நேரம் அவனைப் பற்றி ஒழுங்காகப் பேசவில்லை, பாருங்கள். மூணாவது போர்டுக்கான வெண்கலம் பிரக்ஞானந்தாவுக்கு. அதற்கு மறுநாள், ஆகஸ்ட் 10, அவனுக்குப் பதினேழாவது பிறந்தநாள்! பெண்கள் அணியிலும் வெண்கலம், அதில் அவன் அக்கா வைஷாலி. அந்த அணியில்தான் நிறைமாத கர்ப்பிணியாக ஹரிகா துரோணவல்லி வந்து ஆடினார். நெருக்கடியில் நிற்பது பற்றி அவரை வைத்துத் தனியாக எழுதவேண்டும், எழுதுவேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் உலகத்துக்கே தெரியும். 2024-ல் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்: குகேஷ் 10-க்கு 9, இந்தியாவுக்குப் பொதுப் பிரிவு, பெண்கள் பிரிவு ரெண்டிலும் தங்கம். அதே வருஷம் டிசம்பர் 12, சிங்கப்பூர், கடைசி ஆட்டம், எதிரே இருந்த டிங் லிரென் தவற, குகேஷ் பதினெட்டு வயசில் உலக சாம்பியன். அன்றைக்கு அவன் அழுதான் இல்லையா, டிவி முன்னாடி நானும் அழுதேன். என் மனைவி, "இவனுக்கும் அழறீங்களா, அன்னைக்கு இன்னொருத்தனுக்கு அழுதீங்க" என்றாள். 2025-ல் கோவாவில் உலகக் கோப்பையைத் தூக்கியது யார் தெரியுமா? சிந்தரோவ்! பிரக்ஞானந்தா அன்று மாமல்லபுரத்தில் புரட்டிப்போட்ட அதே சிந்தரோவ். செய்தியைக் கேட்டதும் அக்கா பையனுக்குத்தான் முதலில் போன் போட்டேன். அவன் அப்போது பதினொண்ணாம் வகுப்பு, குரல் உடைந்திருந்தது. "மாமா, பாத்தீங்களா? நம்ம ஆள் யாரத் தோற்கடிச்சிருக்கான்னு இப்பத் தெரியுதா?" அரை மணி நேரம் பேசினோம். அக்கா பின்னாலிருந்து, "படிக்க விடேண்டா அவனை" என்று கத்துகிற வரைக்கும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பத்தாவது சுற்று ஆட்டம் இணையத்தில் கிடைக்கும். பிரக்ஞானந்தா, சிந்தரோவ், 2022 ஒலிம்பியாட் என்று தேடுங்கள். கம்ப்யூட்டர் மதிப்பீட்டை அணைத்துவிடுங்கள், முடிவுதான் தெரியுமே என்று வேகமாகத் தள்ளாதீர்கள். வீட்டில் ஒரு போர்டு இருந்தால் காய்களை அடுக்கி, ஒவ்வொரு நகர்த்தலாகக் கையால் நகர்த்துங்கள். நமக்குப் போச்சு என்று தோன்றுகிற இடம் வரும். அங்கே நிறுத்தி, டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, நீங்களாக இருந்தால் அடுத்து என்ன ஆடுவீர்கள் என்று யோசியுங்கள். பிறகு அவன் என்ன ஆடினான் என்று பாருங்கள். பார்த்துவிட்டு ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, என்னைக் கூப்பிடுங்கள், நான் தூங்கியிருக்கமாட்டேன், இதைப் பேச யாராவது கிடைக்கமாட்டார்களா என்றுதான் இருக்கிறேன்.